காதுக்குள் பாடுகிறவள்

காதுக்குள் முகில் எண்ணுகிறான், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிஜமான முகில் எனக்கு வலது பக்கம் கீபோர்டுக்குப் பின்னால் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். எண்ணுகிறவன் லேப்டாப்புக்குள் இருக்கிற முகில், என்றைக்கோ பதிவு செய்தது, அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம் வேறு, அதனால் எங்கள் பாட்டு எல்லாமே மூக்கடைத்த ஒருத்தன் எண்ணித்தான் ஆரம்பிக்கிறது. இது வேறு யாருக்கும் தெரியாது. காதில் சொருகியிருக்கிற இயர்போன் வழியாக எங்கள் மூன்று பேருக்கு மட்டும் கேட்கிற விஷயம், முகிலுக்கு, எனக்கு, பின்னால் டிரம்ஸ் வாசிக்கிற ஷபானாவுக்கு. எதிரே தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்குப் பாட்டு தானாகக் கிளம்புகிற மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது பாட்டு ஓடுகிறது. என் வாய் பாடிக்கொண்டிருக்கிறது, நான் அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன், இது தரையோடு தரையாக நடக்கிற பாட்டு, இதில் விழுவதற்கு உயரமே இல்லை. ராயப்பேட்டையில் குளியலறைச் சாமான் கடைக்கு மேல் மாடி. கீழே கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வாஷ்பேசின்கள், அவற்றைத் தாண்டிப் படியேறி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் நாங்கள். ஈரத்துண்டு என்று எங்கள் குழுவுக்குப் பெயர். முகில்தான் வைத்தான், ஏன் என்று கேட்டால் மற்ற எல்லாப் பெயரையும் யாராவது எடுத்துவிட்டார்கள் என்பான். முன்வரிசையில் ஒரு பெண், முடியைக் காதோடு வெட்டிக்கொண்டவள், எல்லா வரியையும் என்னோடு சேர்ந்து பாடுகிறாள், ஒரு இடத்தில் எனக்கு முன்னாலேயே பாடிவிட்டாள். சிரிக்கிறேன். சிரித்தால் கழுத்தில் சுற்றியிருக்கிற ஸ்கார்ஃப் லேசாக இழுக்கிறது. அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். ஏசி நேராக என் முதுகில் அடிக்கிறது, யாரோ காப்பிக் கோப்பையைத் தரையில் வைக்கிறார்கள், மணி ஏழு கூட ஆகவில்லை. இன்னும் ஒரு பாட்டு, அதற்கப்புறம் அது.

அது என்றால் பூட்டுப் பாட்டு. எங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு பாட்டால்தான் தெரியும். அயனாவரத்தில் முகில் குடியிருந்த வீட்டுக்காரர், இவன் வாசிக்கிற சத்தம் தாங்காமல் ஒரு நாள் பூட்டையே மாற்றிவிட்டார். கீபோர்டு உள்ளே, நாங்கள் வெளியே. படிக்கட்டில் உட்கார்ந்து என் கிட்டாரை வைத்துக்கொண்டு கோபத்தில் கட்டிய பாட்டு. பூட்டு மாத்திட்டாங்க, சாவி மட்டும் கையில, உள்ள யாரு இருக்கா, எட்டிப் பாத்துட்டு வா. அந்தக் கடைசி 'வா'வை நான் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவேன். எங்கே என்று அப்போது யோசித்ததே கிடையாது, கை நீட்டினால் பரணில் இருக்கிற டப்பா எட்டுகிற மாதிரி, எட்டியது, எடுத்தேன், அவ்வளவுதான். முதல் தடவை மேடையில் அதைப் பாடியபோது கூடப் பாடிக்கொண்டு வந்த ஜனங்களால் அந்த உயரத்துக்கு வர முடியவில்லை, பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள், நான் மட்டும் தனியாக மேலே நின்றேன். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு முழுக்கச் சத்தம் போட்டுப் பாடுவார்கள், அந்த 'வா' வரும்போது கப்பென்று எல்லாரும் அடங்குவார்கள், அடங்கி என்னைப் பார்ப்பார்கள். கூட ஒருத்தர் பாடினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். அது சுகிர்தாவின் இடம். என் இடம். அப்புறம் கழுத்தில் கட்டி வந்தது, தைராய்டை எடுத்தார்கள், குரல் நாணுக்குப் போகிற ஏதோ ஒரு நூலிழை நரம்பு களைத்துப்போயிற்று. யார் தப்பும் இல்லை, நடக்கிறதுதான் என்றார் டாக்டர், பேசறீங்கல்லம்மா, நல்லாத்தானே பேசறீங்க என்றார். நல்லாத்தான் பேசுகிறேன். காய்கறிக்காரரோடு பேரம் பேசலாம், போனில் சண்டை போடலாம். உயரம் மட்டும் இல்லை. மேலே போனால் குரல் இரண்டாகப் பிளக்கிறது, நடுவில் காற்று.

பாட்டு முடிகிறது. கைதட்டல். நன்றி என்கிறேன், நன்றி என்று சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். பின்னாலிருந்து ஒரு பையன் பூட்டு, பூட்டு என்று கத்துகிறான். "வரும், வரும். அவசரப்படாதீங்க" என்று முகில் மைக்கில் சொல்கிறான், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறான். தண்ணீர் குடிக்கிறேன். பாட்டிலில் ஸ்ட்ரா இல்லை இன்றைக்கு. மாதக்கணக்கில் பாட்டிலுக்குள் ஸ்ட்ராவை விட்டு, வாயை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் குமிழி விட்டு விட்டுக் குரலைப் பழக்கினேன், காலையும் மாலையும், உம்ம்ம் என்று. அக்கா, மாடு தண்ணி குடிக்கிற சத்தம் வருதுக்கா என்பாள் ஷபானா, சொல்லிவிட்டு அவளும் ஒரு பாட்டிலை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து குமிழி விடுவாள். மாடு தண்ணீர் குடித்துக் குடித்து ஒரு குரல் வந்தது. பழையது இல்லை. இது கொஞ்சம் கனமாக, ஓரத்தில் பிசிறு தட்டி, எங்கே நிற்கும் எங்கே வழுக்கும் என்று சொல்ல முடியாத புதுக் குரல். எனக்கே இன்னும் பழக்கமில்லை. வாடகைக்கு எடுத்த பட்டுப்புடவை மாதிரி, உட்காரும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் என்னுடையது. காதுக்குள் மூக்கடைத்த முகில் மறுபடியும் எண்ணுகிறான், ஒண்ணு, ரெண்டு, நாலாவது பாட்டு, நான் கிட்டாரை அடிக்கிறேன், வாய் திறந்துகொள்கிறது.

போன புதன்கிழமை ஒத்திகையில் முகில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "சுகி, கத்தாம கேளு. அந்த ஒரு எடம் மட்டும். பழைய ரெக்கார்டிங்லேர்ந்து உன் வாயிஸைத் தனியா எடுத்துட்டேன். லேப்டாப்ல கூட ஓடற டிராக்ல வெச்சாச்சு. தணிகை அண்ணன் மிக்ஸர்ல அந்த நேரத்துல உன் மைக்கை இறக்கிடுவாரு. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்." வேற யாரோ பாடினதையா வைக்கிறோம், உன் குரல்தானே என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அடுத்தபடி அதிக நேரம் உட்கார்ந்திருந்தவன் அவன்தான், ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்து அவனே தின்றுகொண்டு. கெட்டவனாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இன்றைக்கு இரண்டு கேமரா வைத்துப் படம் பிடிக்கிறார்கள், இணையத்தில் போடப்போகிறோம், எத்தனையோ நாள் கழித்து ஈரத்துண்டு திரும்பி வந்திருக்கிறது என்று. "ஜனங்க அந்த ஒசரத்துக்காகத்தான் வராங்க சுகி. அது ஒடைஞ்சா அதை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவானுங்க. உனக்கு அது தேவையா?" தேவையா. அப்புறம் அந்த டிராக்கை ஓட்டிக்காட்டினான். காதுக்குள் அவள் பாடினாள், பழைய சுகிர்தா. எவ்வளவு சுலபமாகப் பாடுகிறாள், சனியன். மூச்சு எடுக்கிற சத்தம் கூட அழகாக இருக்கிறது. என் சக்களத்தி. எனக்கு அவள் மேல் வந்த பொறாமை போல் வாழ்க்கையில் யார் மேலும் வந்ததில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு முகில் டீ வாங்கப் போய்விட்டான்.

சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லலாம், பாட்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது, இரண்டாவது சரணம் முடிந்தபிறகு ஒரு இடைவெளி வரும், அதில், இல்லை, சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், வாசிப்பு கெடும். உடைந்தால்? உடையும். உடையாமல் இருக்க வாய்ப்பே இல்லை, குளியலறையில் கூட உடைகிறது. அந்த நொடியை நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, படுக்கையில், பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. அறை அடங்குகிறது, நான் மேலே போகிறேன், குரல் பிளக்கிறது, காற்று வருகிறது, அப்புறம் அந்த முகங்கள். சிரித்தால் கூடப் பரவாயில்லை. ஐயோ பாவம் என்று ஒரு முகம் இருக்கிறதே, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, புருவம் நடுவில் ஏறி, அதை ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பாட்டு போனாப் போகட்டும்மா, உசுரு இருக்குல்ல என்று சர்ச்சில் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். இருக்கிறது. இருக்கிற உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நன்றியோடு இருக்க வேண்டுமாம். இருக்கிறேன், நன்றியோடுதான் இருக்கிறேன், அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? சின்ன வயதில் பெரம்பூர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் எமல்டா என்று ஒருத்தி இருந்தாள், சுருதி சேரவே சேராது. குழுவை நடத்திய ஞானசிகாமணி சார் அவளிடம் "நீ வாயை மட்டும் அசைம்மா, ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். ஆண்டவருக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்கவில்லை, தலையை ஆட்டினாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு விடியற்காலை ஆராதனையில், புது கவுன் போட்டுக்கொண்டு, என் காதுப் பக்கத்தில் நின்று, அடித்தொண்டையில் கத்திப் பாடினாள். சுருதி தெற்கே, அவள் வடக்கே. சார் முகம் சிவந்துவிட்டது. எமல்டா முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் போல் ஒன்றை நான் எந்த மேடையிலும் அனுபவித்ததில்லை, சுத்தமாகப் பாடியபோதெல்லாம் கூட.

நாலாவது பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை, கைதட்டுகிறார்கள், கடைசி வரியைப் பாடினேனா என்று கூட நினைவில்லை, பாடியிருக்கிறேன் போலிருக்கிறது. முகில் மைக்கில் ஏதோ பேசுகிறான், வீட்டுக்காரர் கதையைச் சொல்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், அவன் சொல்லும்போது வீட்டுக்காரருக்கு மீசை ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே போகிறது. அறையின் கோடியில் தணிகை அண்ணன் மிக்ஸர் பலகைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்துகிறார். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். இடது கை ஏற்கெனவே என் மைக்கின் பொத்தான் மேல் இருக்கிறது. கேமராக்காரர் குனிந்து என் பக்கம் வருகிறார், அந்த இடத்துக்குத்தான் வருகிறார், என் வாய்க்கு. என் வாய் அசைவதை நெருக்கத்தில் எடுப்பார். அது எப்போதைக்கும் இருக்கும். அவள் பாடுவாள், நான் அசைப்பேன், வீடியோவுக்குக் கீழே எழுதுவார்கள், அப்பா, குரல் அப்படியே இருக்கிறதே, தெய்வமே என்று. அடுத்த கச்சேரியிலும் அப்படியே இருக்க வேண்டும். அதற்கடுத்ததிலும். எனக்கு நாற்பது வயதாகும், ஐம்பதாகும், அவள் இருபத்தெட்டிலேயே நிற்பாள், நான் அவளுக்கு வாய் கொடுத்துக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டும். மாட்டேன். உள்ளங்கை வேர்க்கிறது, கிட்டார் கழுத்து வழுக்குகிறது. மூன்றாவது கட்டத்தில் கேப்போ கவ்விக்கொண்டிருக்கிறது, கம்பிகளை மொத்தமாக அமுக்குகிற கிளிப், பூட்டுப் பாட்டுக்கு அங்கேதான் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பாட்டே கீழே இறங்கிவிடும். லேப்டாப்பில் இருக்கிற எதுவும் இதோடு ஒட்டாது. அவளும் ஒட்டமாட்டாள். இறக்கினாலும் எனக்கு அந்த 'வா' பத்திரமான இடமில்லை, அங்கேயும் பிளக்கிறது, தெரியும். தெரிந்துகொண்டே கை போகிறது. கேப்போவை எடுத்துக் கீழே போடுகிறேன், மரத்தரையில் டக்கென்று விழுகிறது. முகில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.

காதிலிருந்து இயர்போன் இரண்டையும் பிடுங்குகிறேன். அறை திடீரென்று பெரிதாகிறது. ஏசியின் உறுமல், யாரோ இருமுகிறார்கள், கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார், இதெல்லாம் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது. "என்ன பண்ற?" என்கிறான் முகில், மைக்கை விட்டு வாயை விலக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. "டிராக் வேணாம்." "சுகி, வெளாடாத. அது பழைய ஸ்கேல்ல இருக்கு." "அதான் வேணாங்கறேன். மூடு அதை." "ஒடையும்டி." "ஒடையட்டும்." ஷபானாவைத் திரும்பிப் பார்க்கிறேன். அவளும் ஒரு காதைக் கழற்றியிருக்கிறாள். "எண்ணிக்கை இல்லாம ஆரம்பிக்கலாமாக்கா?" என்று கேட்கிறாள், கண்ணில் ஒரு குஷி. "நீயே எண்ணு" என்கிறேன். பிறகு மைக்குக்கு வந்து, எல்லாரும் கேட்க, குரல் நடுங்குவது எனக்கே கேட்க, "தணிகை அண்ணா, என் மைக்கைத் தொடாதீங்க. என்ன ஆனாலும் தொடாதீங்க" என்கிறேன். ஜனங்களுக்குப் புரியவில்லை, சும்மா சிரிக்கிறார்கள். தணிகை அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் பலகையிலிருந்து எடுத்து, போலீஸ் பிடித்த ஆள் மாதிரி தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார். முகில் லேப்டாப்பை மூடுகிறான், கொஞ்சம் பலமாகவே மூடுகிறான். ஷபானா குச்சியைத் தட்டி எண்ணுகிறாள், ஜலதோஷம் இல்லாத குரலில். ஆரம்பிக்கிறோம். சத்தம் ஒல்லியாக இருக்கிறது. லேப்டாப்பில் இருந்த பேஸ் இல்லை, வயலின்கள் இல்லை, மூன்று பேர் செய்கிற சத்தம் மட்டும், என் கிட்டாரில் ஒரு கம்பி லேசாக இறங்கியிருப்பது கூடத் தெரிகிறது. முதல் வரியில் ஜனங்கள் தடுமாறுகிறார்கள், பாட்டு எதிர்பார்த்த இடத்தில் இல்லையே என்று, அப்புறம் கண்டுபிடித்து வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பூட்டு மாத்திட்டாங்க. முகில் வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் வாசிக்கிறான். சாவி மட்டும் கையில. மூச்சு மேலேயே நிற்கிறது, இறங்கு, வயிற்றுக்கு இறங்கு, குமிழி, உம்ம்ம். உள்ள யாரு இருக்கா. கேமராக்காரர் முட்டிபோடுகிறார். எட்டிப் பாத்துட்டு. கப்பென்று அறை அடங்குகிறது, எல்லா முகமும் என் பக்கம், முன்வரிசைப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

வா என்கிறேன். ஏறுகிறது, ஏறுகிறது, நான் பயந்ததைவிட ஒரு விரற்கடை அதிகமாகவே ஏறுகிறது, அப்புறம் பிளக்கிறது. நான் படுக்கையில் பார்த்த அதே இடத்தில். நடுவில் காற்று. ஒரு கோணல் சத்தம், கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்ட மாதிரி. நான் நிறுத்திவிடுகிறேன், நிறுத்த நினைக்கவில்லை, தொண்டை தானாக மூடிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். முன்வரிசைப் பெண்ணின் தலை ஒரு பக்கம் சாய்கிறது. புருவம் ஏறுகிறது. அவள் வாயைத் திறந்து அந்த 'வா'வைப் பாடுகிறாள், மெதுவாக, எனக்காக, நான் இறக்கி வைத்த உயரத்தில் அவளுக்கு அது சுலபமாக எட்டுகிறது. பக்கத்தில் இருப்பவன் சேர்ந்துகொள்கிறான். பின்னால் இரண்டு பேர். அறை முழுக்கப் பாடத் தொடங்குகிறது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அழகாக, சுருதியோடு, என்னைத் தூக்கிப் பிடிக்கிறார்களாம். எவ்வளவு நல்ல மனசு. கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, வந்த வேகத்தில் கோபமும் வருகிறது. கிட்டார் கம்பிகள் மேல் உள்ளங்கையால் அறைகிறேன். ஷபானா கையைத் தூக்கி நிறுத்துகிறாள். முகிலும் நிறுத்துகிறான். "வேணாம்" என்கிறேன் மைக்கில். "நல்லாத்தான் பாடறீங்க. ஆனா வேணாம். இது என் எடம். எப்படி வந்தாலும் நான்தான் பாடுவேன்." ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள், அவமானத்திலா என்று பார்க்கிறேன், இல்லை, கண் பெரிதாகி என்னையே பார்க்கிறாள், தலை நேராக நிமிர்ந்திருக்கிறது. ஷபானா எண்ணுகிறாள். முகில் புது இடத்தில் விரலை வைத்துத் தேடி, கண்டுபிடித்து, ஒரே ஒரு ஸ்வரத்தை எனக்குக் கீழே பிடித்து வைக்கிறான், ஏணியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. உள்ள யாரு இருக்கா, எட்டிப் பாத்துட்டு. வா. ஏறுகிறது. அதே இடத்தில் மறுபடியும் பிளக்கிறது. இந்தத் தடவை தொண்டையை மூடவிடவில்லை, பிளந்தபடியே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு பாதி குரல், ஒரு பாதி காற்று, இரண்டையும் மைக் எடுத்து ஸ்பீக்கரில் பெரிதாகக் கொட்டுகிறது, அசிங்கமாக இருக்கிறது, சத்தமாக இருக்கிறது, யாரும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, நான் விடப்போவதில்லை.